ஒன்பது சுற்று

பதுளை,
14.07.2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் வழக்கம் போலத்தான். நீ அனுப்பிய தைலத்தைப் பூசிக்கொண்டு, "இது கட்டார்த் தைலம், வலி அங்கேயே ஓடிப்போயிடும்" என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசிக்கொண்டிருக்கிறார்.

நீ அனுப்பிய நாலு வீல் படமும் வந்தது. "அக்கா, நம்ம காருக்கு இதில் எது எடுப்பா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையில்லாமல் மூன்று தடவை கூப்பிட்டும் விட்டாய். போனில் சொன்னால் நீ "ம்... ம்..." போட்டுக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய், எனக்குத் தெரியாதா? நீ அழகைத்தான் கேட்டாய். என் கைக்கு வந்ததும் அது கணக்காகிவிட்டது. கணக்கை எழுதித்தான் காட்ட வேண்டும். ஆகவே இந்தக் கடிதம். படித்து முடிக்கும்வரை அந்த வீல் கடைக்காரருக்கு ஒரு ரியால்கூட முற்பணம் கொடுத்துவிடாதே.

இங்கே கச்சான் காற்று எழும்பிவிட்டது. ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுகிற காலம். தோட்டத்து ஸ்டோரைத் தாண்டிப் போனாலே மூக்கு விரிகிறது. அந்தக் காற்றுதான் முந்தாநாள் காரை மூடியிருந்த தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பலா மரத்தில் மாட்டிவிட்டது. உன் மருமகன் மரத்தில் ஏறி எடுக்கும்வரை, குளித்துவிட்டுத் துண்டைத் தேடுகிற ஆள் மாதிரி நின்றது நம்ம மொறிஸ் மைனர்.

தார்ப்பாய் விலகினால் ரோட்டில் போகிறவர்களின் கண் சும்மா இருக்குமா? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அன்றிலிருந்து பழைய காருக்கு வந்த மவுசு, இந்த பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகும் இறங்கவில்லை. பண்டாரவளையில் இருந்து ஒருவர் வந்து, 'ஸ்ரீ' நம்பர் தகட்டைத் தடவித் தடவிப் பார்த்து, "விலை சொல்லுங்க டீச்சர்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளே இருந்து, "அதை வித்துட்டா அவரு எங்க உக்காருவாரு?" என்று குரல் கொடுத்தார். வந்தவர் டிரைவர் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அப்பா போய் ஒன்பது வருஷமாகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

சரி, வீலுக்கு வருகிறேன்.

உன் சிநேகிதன் மஸ்டாங் வைத்திருப்பதும், அதில் ஐந்து கால் வீல் போட்டிருப்பதும், நீ வெள்ளிக்கிழமை தோறும் அதைப் போய்ப் பார்த்துப் பெருமூச்சு விடுவதும் எனக்கு நன்றாகத் தெரியும். நானும் உட்கார்ந்து படித்தேன். அந்த ஐந்து கால் வீல் 'டோர்க் திரஸ்ட்' என்ற பெயரில் 'அமெரிக்கன் ரேசிங்' கம்பனி செய்தது. 'புல்லிட்' என்று 1968இல் வந்த படத்தில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டுகிற மஸ்டாங்கில் அந்த வீல்தான். அந்தக் காரின் கதையைத்தான் நீ முக்கியமாகக் கேட்க வேண்டும். படத்தில் ஓடிய அதே கார் 2020 ஜனவரியில் ஏலத்துக்கு வந்து, 37 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்குப் போனது. புதுச் சாயம் பூசிப் பளபளப்பாக்கியா விற்றார்கள்? இல்லை. துரு துருவாகவே, நசுங்கல் நசுங்கலாகவே. பட்ட காயத்தை மறைத்திருந்தால் அந்த விலை போயிருக்காது.

இன்னொன்றும் கேள். 1964 ஏப்ரலில் மஸ்டாங் வெளிவந்தபோது அதற்கு 13, 14 அங்குல வீல்கள் இருந்தன. நம்ம மொறிஸ் மைனருக்கும் 14தான். ஆக, வட்டத்தில் நாம் ஒன்றும் அவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. குறைவது எஞ்சினில். புல்லிட் காருக்கு 6.4 லீற்றர் எஞ்சின், 325 குதிரை. நமக்கு 948 சீசீ, 37 குதிரை. அவ்வளவு குதிரையும் ஒரேயடியாக இழுக்கும்போது சில்லு வழுக்காமல் ரோட்டைப் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் மசில் காருக்கு அகல டயர். நம்ம 37 குதிரை எந்த ரோட்டில் வழுக்கியது, சொல்? ஹாலி-எல ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மூச்சு வாங்கும்போது நீ இறங்கித் தள்ளவா என்று கேட்டது நினைவிருக்கிறதா? அந்தக் காருக்கு 7 அங்குல அகலத்தில் வீல் போட்டால், ஸ்டியரிங் பிடிக்கப்போவது நீயில்லை, நான். பவர் ஸ்டியரிங் இல்லாத காரில் சந்தையடியில் ரிவர்ஸ் எடுத்துப் பார், அப்போது தெரியும் அகலத்தின் அருமை.

இப்போது கணக்கு. கோபிக்காதே, கடைசியில் விடை உனக்குப் பிடிக்கும்.

வீலின் நாலு ஓட்டைகளின் நடுப்புள்ளிகளையும் தொட்டு ஒரு வட்டம் வரைந்தால், அதன் விட்டத்தைத்தான் பி.சி.டி. என்கிறார்கள். மொறிஸ் மைனருக்கு அது 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். நீ அனுப்பிய இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வீலில் எட்டு ஓட்டை. நாலு ஓட்டை 100க்கு, நாலு ஓட்டை 114.3க்கு. ஜப்பான் கார்களுக்கு இந்த இரண்டு அளவும் சரியாக வரும், அதனால்தான் கடை முழுக்க அதுவே கிடக்கிறது. உன் சிநேகிதனின் மஸ்டாங்குக்கும் 114.3தான், ஐந்து ஓட்டை. நமக்கு இரண்டும் இல்லை.

"1.6 மில்லிமீற்றர்தானே அக்கா வித்தியாசம்" என்பாய். இங்கே ஒரு கராஜ் பாஸும் அதையேதான் சொன்னார்: "இறுக்கினா தானா வந்து உக்காந்துடும், டீச்சர்." விட்டத்தில் 1.6 என்றால் ஒவ்வொரு ஸ்டட்டும் ஓட்டையின் நடுவில் இருந்து 0.8 விலகி நிற்கிறது. அடிமட்டத்தில் ஒரு சின்னக் கோட்டுக்குக்கூட எட்டாத தூரம். ஆனால் நட்டை இறுக்க இறுக்க ஸ்டட் உள்பக்கமாக இழுபட்டுச் சாயும். நட்டின் கூம்பு ஓட்டையில் முழுதாக உட்காராது, ஒரு பக்கம் மட்டும் கடித்துக்கொண்டு நிற்கும். பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாக இருக்கிற மாதிரித்தான் இருக்கும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த ஸ்டட் வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, ஒரு நாள் பசறை ரோட்டில் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். ஆகவே இரண்டாவது படத்தை அழித்துவிடு.

அடுத்த கணக்கை என் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டேன். சாதாரண தரப் பரீட்சைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்குமா? இப்போது காரில் இருப்பது 145/80, 14 அங்குல டயர். 145இல் 80 வீதம் 116 மில்லிமீற்றர், அதுதான் டயரின் பக்கச் சுவர். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 14 அங்குல ரிம்முக்கு 355.6. மொத்த உயரம் 587.6. நீ ஆசைப்படுகிற 195/45, 15 அங்குலத்துக்குப் பிள்ளைகள் போட்ட விடை 556.5. கார் 15 மில்லிமீற்றருக்கு மேல் குனிந்துவிடும். உண்மையில் 30 மைல் வேகத்தில் போகும்போது முள் 32க்குக் கிட்டக் காட்டும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பக்கச் சுவர் 116இல் இருந்து 88க்கு இறங்குகிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முன் வாங்கில் இருக்கிற ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "அப்ப பள்ளத்துல விழுறது ரப்பரா, ரிம்மா டீச்சர்?" இருபது வருஷத்தில் என் வகுப்பில் கேட்ட நல்ல கேள்விகளில் இது ஒன்று. நீ டோஹாவில் கண்ணாடி மாதிரி ரோட்டில் ஓடி ஓடி, நம்ம தோட்டத்து ரோட்டை மறந்துவிட்டாய். லயத்துக்குப் போகிற அந்தக் கல் ரோட்டில் போன மழைக்குப் பிறகு ஆடு விழுந்தால் தேட வேண்டும்.

அதே பிள்ளைகள் 165/70, 14 அங்குலத்துக்கும் போட்டார்கள். 586.6. பழைய டயருக்கும் இதற்கும் ஒரே ஒரு மில்லிமீற்றர். பக்கச் சுவரும் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் டயரின் அகலம் 20 மில்லிமீற்றர் கூட. இந்த விடையைக் கரும்பலகையில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதற்கு நீ நெளிவாய். பரவாயில்லை, நெளி.

2004. உனக்கு 17 வயது. அப்பா பெரியாஸ்பத்திரியில் படுத்து எழும்பிய நேரம். மூன்று மாதம் கார் பக்கம் யாரும் போகவில்லை. நீ சாவியை எடுத்துக்கொண்டு, கூட்டாளிகள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு துன்ஹிந்தவுக்குப் போனாய். நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டுத் திருப்பும்போது, நடந்து போகிற வேகத்தில், இடது முன் வீல் உள்ளே மடங்கிப் படுத்துக்கொண்டது. வேகமாகப் போயிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதத்தை யாருக்கு எழுதியிருப்பேன்? அப்பா யாருடைய திறீவீலரிலோ வந்து இறங்கினார். நீ அடி விழும் என்று நின்றாய். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்று: "மூணு மாசமா சோறு போடலியே, அது எப்படி நிக்கும்?"

சோறு என்று அவர் சொன்னது கிறீஸை. மொறிஸ் மைனரின் முன் வீலைத் தாங்குவது ட்ரனியன் என்கிற மரை போட்ட துண்டு. ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைக்குள்தான் திருகுகிறது. கிறீஸ் இல்லாமல் காய்ந்தால் மரை தேயும், தேய்ந்தால் கழன்றுபோகும். அதனால்தான் அப்பா ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை, மழையானாலும் திருவிழாவானாலும், கிறீஸ் கன்னைத் தூக்கிக்கொண்டு கீழே நுழைந்துவிடுவார். டோர்ச் பிடிப்பது நான். நீ அம்மாவின் இடுப்பில் இருந்தாய்.

அகல வீல் போட்டால் என்ன ஆகும் என்று இப்போது யோசி. இருக்கிற ரிம் மூன்றரை அங்குலம். 7 அங்குலம் அதைப் போல இரண்டு மடங்கு. கூடுகிற அகலம் எங்கேயாவது போகத்தானே வேண்டும்? உள்ளே போனால் ஸ்டியரிங் கம்பியில் முட்டும். வெளியே போனால் மட்காட்டில் உரசும். உரசாமல் தப்பினாலும், சில்லு வெளியே தள்ளி நிற்க நிற்கப் பாரம் முழுவதும் அந்த ட்ரனியன் மேலும் பேரிங் மேலும்தான் தொங்கும். வீலில் 'ஈ.டி.' என்று ஓர் எண் வெட்டியிருக்கும், ஒஃப்செட் என்பார்கள். அந்த எண்ணைப் பார்க்காமல் வடிவத்தை மட்டும் பார்த்து வாங்குவது, சாதகம் பார்க்காமல் படத்தைப் பார்த்துப் பெண் கட்டுகிற மாதிரி. (அந்தப் பேச்சும் வரும், இரு.) டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று நானே அளந்தேன். அம்மாவின் ரொட்டி மா உருண்டையை வைத்து, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, நசுங்கின உருண்டையை அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தேன். அம்மா திட்டினார். அளவுகள் தனித் தாளில் இருக்கின்றன, தொலைத்துவிடாதே.

அடுத்தது பிரேக். பண்டாரவளை 1,230 மீற்றர் உயரம், பதுளை 680. தெமோதரை வழியாக இறங்கி வரும்போது நம்ம டிரம் பிரேக் எப்படிக் கொதிக்கும் என்று உனக்குத் தெரியும். அந்த மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அப்பா ஏறின கியரிலேயே இறங்குவார். பெரிய வீல் போட்டால் பிரேக் பெரிதாகிவிடாது. உள்ளே இருக்கிற டிரம் அதே ஏழு அங்குல டிரம்தான்.

"அடுத்த ஏப்ரலில் தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில்லுக்குக் கொண்டுபோய் நிப்பாட்டுவோம்" என்று எழுதியிருந்தாய். தம்பி, 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கே கார்ப் பந்தயத்தில் ஏழு பேர் செத்துப்போனார்கள். அதில் ஒன்று சின்னப் பிள்ளை. அந்த ஞாயிற்றுக்கிழமை நம்ம பாடசாலையில் யார் யார் போனார்கள், வந்தார்கள் என்று வீடு வீடாகப் போன் எடுத்த கை இது. பந்தயமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் இருந்து நடக்கிறது, அப்பாவே தோட்டத்துத் துரையோடு போய்ப் பார்த்தவர்தான். ஆனால் நம்ம காரைப் பார்க்க ஆட்கள் ரோட்டோரம் நிற்கிறார்கள் என்றால், அதன் நாலு வீலும் நம் பொறுப்பு. அதைச் சொல்லத்தான் இந்தப் பேச்சை எடுத்தேன்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். முதல் படத்தில் இருக்கிற செட் இங்கே வந்து சேர 405,000 ரூபா ஆகும் என்றாய். அம்மா கேட்டார், "அது எத்தனை பேரு?" என்று. உனக்குத்தான் தெரியுமே, அம்மாவுக்கு இன்றைக்கும் காசு என்றால் பேர்தான், செக்ரோலில் விழுகிற நாள் கணக்கு. நாள் சம்பளம் 1,350ஆல் வகுத்துப் பார்த்தேன். சரியாக 300. மீதியில்லை. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அவன் உழைக்கிறான், அவன் ஆசை" என்றார். அதற்குமேல் நானும் உன்னைக் குத்திக் காட்டமாட்டேன். வெயிலில் நிற்கிறவன் நீ. ஆனால் அந்த முந்நூறு நாளில் முதல் நாற்பது நாளை ட்ரனியனுக்கும் பிரேக் சிலிண்டருக்கும் ஒதுக்கு. அதன் பிறகு வீல்.

ஒரு காரை மாற்றுவதே பாவம் என்று நான் நினைப்பதாக எண்ணாதே. இந்தக் காரை வரைந்த அலெக் இசிகோனிஸ் என்ன செய்தார் தெரியுமா? செய்து முடித்த மாதிரிக் கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று தோன்றியதும் அதை நெடுக்குவாட்டில் இரண்டாக வெட்டி, 4 அங்குலம் தள்ளி வைத்து ஒட்டச் சொன்னார். பொனட்டின் நடுவில் ஒரு தட்டைப் பட்டை ஓடுகிறதே, அது அந்த 4 அங்குலம்தான். பிறக்கும் முன்னமே வெட்டி ஒட்டப்பட்ட கார், நாலு வீல் மாற்றினால் கோபிக்கவா போகிறது? அப்பாவும் லொறி ஹோர்ன் பூட்டியவர்தானே? பெரிய துரையின் பங்களாக் காரில் லொறி ஹோர்ன்!

1948 ஒக்டோபரில் இலண்டனில் இந்தக் காரை முதன்முதலில் காட்சிக்கு வைத்தார்கள். அடுத்த மாதம் இங்கே பிரஜாவுரிமைச் சட்டம். தாத்தா நாடில்லாதவர் ஆனார், நாலு வயதுப் பிள்ளையாக இருந்த அப்பாவும்தான். அந்த அப்பா துரையின் காரை ஓட்டினார். 1975இல் தோட்டத்தை அரசாங்கம் எடுத்து, துரை கப்பலேறியபோது கார் டிஸ்பென்சர் ஐயாவின் கைக்குப் போனது. 83இல் பதுளை டவுன் எரிந்ததைப் பார்த்துவிட்டு அவரும் இந்தியாவுக்குக் கிளம்ப, அப்பா தவணை முறையில் காசு கட்டி வாங்கினார். கார் அவர் பெயருக்கு வந்தது 84இல். பிரஜாவுரிமை வந்தது 88இல். நாட்டுக்கு முந்திக் கார் கிடைத்த மனிதர் அப்பா. லயத்தில் எந்த வீட்டில் வயிற்றுவலி எடுத்தாலும், லொறிக்குக் காத்திருக்காமல் நடுச்சாமத்தில் சாவியை எடுப்பார். பிள்ளைப்பேற்றுக்கு என்றால் பெற்றோல் காசும் வாங்கமாட்டார். 2022இல் கியூ.ஆர். அடித்து வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் கொடுத்த காலத்தில் நானும் அதில் பாதியை அதற்காகவே வைத்திருந்தேன். இரண்டு தடவை போனேன். இரண்டும் பெண் பிள்ளைகள்.

ஆகவே இந்தக் கார் ராத்திரி இரண்டு மணிக்குக் கல் ரோட்டில் ஓட வேண்டிய கார். அதை மனதில் வைத்துக்கொண்டு வீலைத் தேர்ந்தெடு. என் விடையைச் சொல்கிறேன்.

மூன்றாவது படம். எட்டுக் கால் வீல், மினிலைட் மாதிரி. 60களில் மினி கார்களோடு ரலி ஓடிப் பேர் வாங்கிய வடிவம் அது. நம்ம காரின் வயதுக்கும் குணத்துக்கும் ஒத்துப்போகும். பார்க்கிறவன் "புது வீல்" என்று சொல்லமாட்டான், "நல்ல கார்" என்பான். கால்களுக்கு நடுவில் காற்றும் போய் வரும். 14 அங்குலம், அகலம் ஐந்தரைக்கு மேல் வேண்டாம், பி.சி.டி. 101.6 என்று எழுத்தில் வாங்கு. டயர் 165/70. "அந்தக் காலத்து அசல் மக்னீசியம்" என்று யாராவது ஆசை காட்டினால் ஓடிவிடு. மக்னீசியம் அரிக்கும், வயதானால் வெடிப்பு விழும், நம்ம பனிக்கும் மழைக்கும் சரிவராது. அலுமினிய வார்ப்பு போதும். ஜப்பான் வீலாக இருந்தால் 'ஜே.டபிள்யூ.எல்.' முத்திரை இருக்கிறதா என்று உள்பக்கமும் பார். பெயர்த் தகட்டை யாரும் ஒட்டலாம், ஆகவே பெயரை மட்டும் நம்பி விலை கொடுக்காதே.

நட்டை மறக்காதே. இரும்பு வீலின் நட்டு எலோய் வீலுக்கு ஒத்துவராமல் போகலாம். வீலோடு சேர்த்து அதற்குரிய நட்டையும் வாங்கு. பழைய நட்டு நாலை டூல் பெட்டியில் போட்டு வைக்கப்போகிறேன். டிக்கியில் இருக்கிற ஸ்பெயார் வீல் இரும்பு அல்லவா, வழியில் அதை மாட்ட வேண்டி வந்தால் பழைய நட்டுத்தான் கை கொடுக்கும். கழற்றுகிற இரும்பு வீல்களும் 'எம்' எழுத்துப் போட்ட கப்புகளும் எங்கேயும் போகாது. கப்பு மூன்றுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலாவதில் அம்மா கோழிக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று. துன்ஹிந்த ரோட்டில் அன்றைக்கு அப்பா உன் கூட்டாளிகளுக்கு முன்னாலேயே உன்னை நட்டுப் பூட்ட வைத்தாரே, ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ணச் சொல்லி? "ஒன்பது ஏறாத நட்டை நம்பாதடா" என்பார். எனக்கும் சின்ன வயதில் அதே பாடம்தான். டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுவேன். ஏன் ஒன்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ படம் அனுப்பிய அன்று ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஸ்டட்டின் தடிமன் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீளத்துக்கு நட்டின் மரை பிடிக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. நம்ம ஸ்டட் எட்டில் மூன்று அங்குலம். அந்த மரையில் அங்குலத்துக்கு 24 சுற்று. எட்டில் மூன்றை 24ஆல் பெருக்கு.

ஒன்பது. தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்ற மனிதர், தம்பி. நான் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்க் காரோடு கொஞ்ச நேரம் நின்றேன்.

எலோய் வீலின் நடுப்பாகம் இரும்பு வீலைவிடத் தடிப்பு. அதனால் ஸ்டட் வெளியே நீட்டுகிற நீளம் குறையும். புது வீலை மாட்டி நட்டுப் போடும்போது ஒன்பது ஏறவில்லை என்றால், நீளமான ஸ்டட் அடிக்காமல் கார் வாசலைத் தாண்டாது. பண்டாரவளை போய்த் திரும்பியதும் மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பார்க்கவும் வேண்டும். இதை இங்கே எந்த பாஸையும் நம்பி விட எனக்கு மனமில்லை.

ஒக்டோபர் 20 தீபாவளி. மூன்று வருஷமாக "அடுத்த தீபாவளி" என்கிறாய். இந்த முறை வீலைக் கப்பலில் அனுப்பிவிட்டு நீ அங்கே இருந்துவிடாதே. லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. பெண் பார்க்கிற பேச்சை நான் எடுக்கமாட்டேன், அம்மா எடுத்தால் தடுக்கவும் மாட்டேன். கிறீஸ் கன்னைத் துடைத்து வைத்திருக்கிறேன். நீ கீழே குந்து, நான் டோர்ச் பிடிக்கிறேன். மருமகன் எண்ணட்டும்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: அளந்த தாளோடு மாவு படிந்திருந்தால் அது அம்மாவின் ரொட்டி மா. தட்டிவிட்டுப் படி.